வீட்டு ஃபயர்வாலுக்கு எந்த ஓ.எஸ்.? பெயரைப் பார்க்கும் முன் வேலையைப் பார்ப்போம்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என்று எங்கள் பக்கம் எல்லா ஊருக்கும் ஃபைபர் நெட் வந்துவிட்டது. கூடவே ஒரு கேள்வியும் வந்திருக்கிறது: "வீட்டுக்கு ஒரு ஃபயர்வால் போடலாம்னு இருக்கேன், எந்த ஓ.எஸ். போடலாம்?" ஃபயர்வால் என்பது வீட்டுக்கும் நெட்டுக்கும் நடுவே நின்று வருவதையும் போவதையும் வடிகட்டும் பெட்டி; அதை ஓட்டும் அடிப்படை மென்பொருள்தான் ஓ.எஸ். கேட்ட மாத்திரத்தில் பதில்கள் வந்து விழும். ஓப்பன்பிஎஸ்டி போடுங்கள், அதை எவனாலும் உடைக்க முடியாது என்பார் ஒருவர். வேகம் வேண்டுமென்றால் லினக்ஸ்தான் என்பார் அடுத்தவர். பிஎஃப்சென்ஸைத் தவிர மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்பார் மூன்றாமவர். அந்தப் பெட்டி உள்ளே என்ன வேலை பார்க்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

அது தெரியாமல் பெயரை வைத்துத் தேர்ந்தெடுத்த வீடுகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். நல்ல பெட்டி, நல்ல ஓ.எஸ்., நல்ல செலவு. ஆனால் இரண்டு வருடமாக அப்டேட் இல்லை, கேமராவுக்காக ஒரு கதவு அகலத் திறந்து கிடக்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான். உள்ளே வருவதையும் வெளியே போவதையும் வடிகட்டும் வேலையை இன்றைக்குக் கிடைக்கும் எல்லா நல்ல ஓ.எஸ்.களும் நன்றாகவே செய்கின்றன. அவை வேறுபடுவது வேறு இடங்களில்: அப்டேட் எப்படி வருகிறது, கரண்ட் போய் வந்தால் பெட்டி தானாக எழுந்திருக்குமா, வைஃபை தருமா, வீட்டில் யார் அதைப் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள். தேர்வு அங்கேதான் நடக்க வேண்டும்.

முதலில், ஃபயர்வால் செய்யாத வேலைகள்

ஃபயர்வால் வைத்தால் நெட் வேகமாகாது. வைரஸ் பிடிக்கும் மென்பொருளின் வேலையையும் அது செய்யாது. இப்போது பெரும்பாலான தளங்கள் ஹெச்.டி.டி.பி.எஸ். வழியாகப் பூட்டிய உறைக்குள்தான் வந்துபோகின்றன. உறை எங்கிருந்து எங்கே போகிறது என்று பெட்டிக்குத் தெரியும், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. வங்கியிலிருந்து வந்ததுபோல் ஒரு குறுஞ்செய்தி வந்து, அதை நீங்களே தொட்டு, நீங்களே பாஸ்வேர்டைக் கொடுத்தால் எந்த ஃபயர்வாலும் தடுக்காது. அதற்குச் சொல்லப்பட்ட வேலை ஒன்றுதான்: யார் யாரோடு தொடர்பு கொள்ளலாம் என்று தீர்மானிப்பது.

முகப்பில் ஒரு கணக்குப்பிள்ளை

ஒரு பெரிய செட்டிநாட்டு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவைப் பார்த்து முகப்பு, அதைத் தாண்டி வளவு, வளவைச் சுற்றி அறைகள், அப்புறம் இரண்டாங்கட்டு, அடுப்படி. அண்ணன் தம்பி எத்தனை பேருக்குத் திருமணம் ஆகியிருக்கிறதோ அத்தனை புள்ளி; ஒவ்வொரு புள்ளிக்கும் வளவில் ஓர் அறை. ஆனால் தெருவில் உள்ளவர்களுக்கு அந்த அறைகள் எதுவும் தெரியாது. அவர்களுக்குத் தெரிவது ஒரே கதவிலக்கம்.

முகப்பில் ஒரு கணக்குப்பிள்ளை நோட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். மூன்றாவது அறையிலிருந்து ஒருவர் கடைத்தெருவில் இன்ன கடையில் சாமான் சொல்லிவிட்டு வருகிறார். கணக்குப்பிள்ளை நோட்டில் குறிக்கிறார்: மூன்றாவது அறை, இன்ன கடை, இன்ன சாமான். சற்று நேரத்தில் கடைப் பையன் மூட்டையோடு வருகிறான். நோட்டைப் பார்க்கிறார், வரி இருக்கிறது, "மூணாவது அறைக்குப் போப்பா" என்று விடுகிறார். இன்னொருவன் வந்து, "ஐயா, உள்ளே ஒரு பொருள் கொடுக்கணும்" என்கிறான். நோட்டில் வரி இல்லை. முகப்போடு அவன் திரும்ப வேண்டியதுதான். சாமான் வந்து கணக்கு முடிந்ததும் அந்த வரியை அடித்துவிடுகிறார்.

வீட்டு ஃபயர்வாலின் வேலையில் முக்கால்வாசி இவ்வளவுதான். வருபவன் நல்லவனா கெட்டவனா என்று கணக்குப்பிள்ளை முகம் பார்த்துச் சொல்வதில்லை. உள்ளிருந்து யாராவது கேட்டார்களா என்று மட்டும் பார்க்கிறார்.

பெட்டிக்குள் உண்மையில் நடப்பது

இனி நிஜப் பெயர்கள். நெட்டில் எதுவும் மொத்தமாகப் போவதில்லை; சின்னச் சின்னத் துண்டுகளாக உடைந்து போகிறது. ஒரு துண்டுக்குப் பெயர் பாக்கெட். ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் அனுப்பியவரின் எண்ணும் பெறுபவரின் எண்ணும் இருக்கும். அந்த எண்தான் ஐ.பி. முகவரி. ஒரே கருவியில் பல வேலைகள் ஓடுவதால், எந்த வேலைக்கான பாக்கெட் என்று காட்ட இன்னொரு எண்ணும் உண்டு, அது போர்ட். பூட்டிய வலைத்தளங்களுக்கு 443, தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவைக்கு 53.

கணக்குப்பிள்ளையின் நோட்டுக்கு ஸ்டேட் டேபிள் என்று பெயர். அதில் ஒரு வரியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இப்படி இருக்கும்: 192.168.1.23, போர்ட் 51514, அங்கிருந்து 203.0.113.10, போர்ட் 443, டி.சி.பி. (தொடர்பை ஒழுங்காக நடத்தும் ஒரு முறையின் பெயர்), தொடர்பு நடக்கிறது. உங்கள் ஃபோன் ஒரு தளத்தைத் திறந்ததும் இந்த வரி பிறக்கிறது. அந்தத் தளத்திலிருந்து திரும்பி வரும் பாக்கெட்டில் இதே எண்கள் தலைகீழாக இருந்தால் உள்ளே விடுவார்கள். ஓர் எண் மாறினாலும் இல்லை. தொடர்பு முடிந்தால் வரி அழியும். முடிந்ததாகச் சொல்லாமலே மறுமுனை காணாமல் போய்விட்டால் கெடு வைத்து அழிப்பார்கள். சும்மா கிடக்கும் டி.சி.பி. தொடர்புக்கு லினக்ஸ் வழக்கமாக வைத்திருக்கும் கெடு 5 நாள், ஓப்பன்பிஎஸ்டியின் வடிகட்டியான பிஎஃப் வைத்திருப்பது 24 மணி நேரம். பழக்கம்தான் வேறு, முறை ஒன்றே.

அறைகளுக்கு உள் எண், தெருவுக்கு ஒரே கதவிலக்கம் என்ற ஏற்பாட்டுக்குப் பெயர் நாட். 192.168 என்று தொடங்கும் எண்கள் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண்கள். 1996-இல் வந்த ஆர்.எஃப்.சி. 1918 என்ற ஆவணம் 10 என்று தொடங்குபவற்றையும், 172.16 முதல் 172.31 வரை உள்ளவற்றையும் சேர்த்து இதற்கென ஒதுக்கியது. உங்கள் பாக்கெட் வெளியே போகும்போது பெட்டி உள் எண்ணை எடுத்துவிட்டுக் கதவிலக்கத்தை ஒட்டுகிறது. பதில் வரும்போது நோட்டைப் பார்த்து மறுபடி உள் எண்ணை ஒட்டுகிறது.

இங்கேதான் பெரிய குழப்பம் ஒன்று நடக்கிறது. "நாட் இருக்கிறது, அதனால் நாம் பாதுகாப்பு" என்று பலர் சொல்வார்கள். நாட் வந்தது முகவரிப் பற்றாக்குறையைச் சமாளிக்க. பாதுகாப்பைத் தருவது நோட்டும், "வரி இல்லாதவனை விடாதே" என்ற கட்டளையும். ஐ.பி.வி.6 என்ற புதிய முகவரி முறையில் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் உலகம் முழுக்கச் செல்லும் சொந்த முகவரி கிடைக்கும். வீட்டில் நாட் தேவைப்படாது. அங்கே கட்டளையை எழுத மறந்தால் ஒவ்வொரு அறைக்கும் தெருவிலிருந்தே ஒரு வாசல் இருப்பதற்குச் சமம். ஆகவே எந்த ஓ.எஸ். எடுத்தாலும் ஐ.பி.வி.6-க்கும் அதே கட்டளை இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த வேலையெல்லாம் நடப்பது கெர்னலில். ஓ.எஸ்.ஸின் நடுமையப் பகுதி அது. வன்பொருளை நேரடியாகத் தொடுவதும், ஒவ்வொரு பாக்கெட்டையும் முதலில் பார்ப்பதும் அதுதான். நீங்கள் பிரவுசரில் திறந்து சொடுக்கும் அழகான பக்கம், கெர்னலுக்குக் கட்டளை எழுதிக் கொடுக்கும் ஒரு முகம் மட்டும்.

இதுவரை பார்த்தது: உள்ளிருந்து தொடங்கிய தொடர்புக்கு நோட்டில் வரி உண்டு, வெளியிலிருந்து தானாக வருவதற்கு வரி இல்லை, வரி இல்லாதது வெளியே. இதைச் செய்யத் தெரியாத நல்ல ஓ.எஸ். இன்று கிடையாது.

சரி, ஏற்கெனவே இருக்கும் பெட்டிக்கு என்ன குறை?

நெட் கொடுப்பவர் சுவரில் மாட்டிவிட்டுப் போன வெள்ளைப் பெட்டியிலும் பெரும்பாலும் ஓடுவது லினக்ஸ்தான். அதே ஸ்டேட் டேபிள், அதே நாட். அப்படியானால் அதில் என்ன கோளாறு? வடிகட்டும் முறையில் ஒன்றும் இல்லை. மாட்டிய நாளோடு அப்டேட் நின்றுபோவதும், பெட்டி எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு இருப்பதும், நிர்வாகப் பக்கம் தெருப்பக்கமும் திறந்திருப்பதும்தான் கோளாறு.

2016-இல் மிராய் என்ற கெடுமென்பொருள் உலகம் முழுவதும் கேமராப் பெட்டிகளையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அது பூட்டை உடைக்கவே இல்லை. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். 2018-இல் விபிஎன்ஃபில்டர் என்ற இன்னொன்று 5 லட்சத்துக்கு மேற்பட்ட ரவுட்டர்களுக்குள் நுழைந்தது. கணக்குப்பிள்ளையே விலைபோய்விட்டால் நோட்டால் என்ன பயன்?

எனவே சொந்தமாக ஒரு பெட்டி வைப்பதில் உள்ள உண்மையான லாபம், அப்டேட் உங்கள் கைக்கு வருவது. அந்த அப்டேட்டை நீங்கள் போடப் போவதில்லை என்றால் அந்த வெள்ளைப் பெட்டியே இருக்கட்டும், செலவாவது மிச்சம்.

எங்கள் பக்கத்துக் கதவு: கேமரா

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். செட்டிநாட்டில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கிறார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர், முகப்பிலும் வளவிலும் கேமரா, எல்லாம் ஃபோனில் தெரிய வேண்டும். நெட் இணைப்பு வாங்குவதே அதற்காகத்தான்.

கேமரா மாட்டுபவர் வேலையை முடித்துவிட்டு, "அண்ணே, போர்ட் திறந்து விட்டாச்சு, இனிமே எந்த ஊர்ல இருந்தாலும் தெரியும்" என்பார். அவர் செய்தது போர்ட் ஃபார்வர்டிங்: இந்த எண்ணுக்கு வருபவனை நோட்டைப் பார்க்காமல் நேரே கேமராப் பெட்டிக்கு அனுப்பு என்ற நிரந்தர உத்தரவு. கேமராவைப் பார்க்க உங்களால் முடியும். உலகத்தில் வேறு யாராலும் அந்தப் பெட்டியின் கதவைத் தட்டவும் முடியும். மிராய் தேடி அலைந்ததும் இப்படி வெளியே தெரிந்த பெட்டிகளைத்தான். ஓப்பன்பிஎஸ்டி போட்டுவிட்டு இந்த உத்தரவையும் போட்டால், அந்த வழியில் வெள்ளைப் பெட்டிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதற்கு நல்ல வழி விபிஎன். உங்கள் ஃபோனுக்கும் வீட்டுப் பெட்டிக்கும் நடுவே சாவி உள்ளவர் மட்டும் நுழையக்கூடிய பூட்டிய பாதை அது. வயர்கார்டு என்ற விபிஎன் 2020 மார்ச்சில் லினக்ஸ் கெர்னலுக்குள் வந்தது; அதே ஆண்டு அக்டோபரில் ஓப்பன்பிஎஸ்டி 6.8-லும் வந்தது. இன்றைக்கு எந்த ஃபயர்வால் ஓ.எஸ்.ஸிலும் கிடைக்கும். சாவி இல்லாதவன் தட்டினால் அது பதிலே சொல்லாது என்பது அதன் சிறப்பு.

ஒரு சிக்கல் உண்டு. பல இணைப்புகளில் நெட் கொடுப்பவரே தெருவுக்கெல்லாம் சேர்த்து இன்னொரு நாட் வைத்திருப்பார். அதற்கு சிஜிநாட் என்று பெயர். உங்கள் பெட்டியின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் நீங்கள் அதற்குள் இருக்கிறீர்கள். வெளியிலிருந்து உங்கள் கதவிலக்கத்தைத் தேடி யாரும் வர முடியாது, உங்கள் விபிஎன்னும்தான். அப்போது ஐ.பி.வி.6 வழியாக வர வேண்டும், அல்லது வீட்டுப் பெட்டியும் ஃபோனும் வெளியில் உள்ள ஒரு சர்வரில் சந்திக்கும் ஏற்பாடு வேண்டும். பெட்டி வாங்குவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

கேமராவைத் தனிக் கட்டாகப் பிரித்து வைப்பதும் அவசியம். விலான் என்ற முறை ஒரே கேபிளில் பல நெட்வொர்க்குகளை எண் போட்டுப் பிரித்துக் கொண்டுபோகும். கேமராக்களுக்கு ஒரு விலான், ஃபோனுக்கும் கணினிக்கும் இன்னொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கும் வெளியுலகுக்கும் வழி இல்லை என்று ஒரு கட்டளை. நான் பார்த்தவரை வீட்டில் ஃபயர்வால் வைப்பதால் கிடைக்கும் பெரிய பயன் இதுதான்.

சுருக்கமாக: போர்ட் திறக்காதீர்கள், விபிஎன் வழியாக வாருங்கள், கேமராவைப் பிரித்து வையுங்கள். இந்த மூன்றுக்கும் ஓ.எஸ்.ஸின் பெயர் முக்கியமில்லை.

இரண்டு குடும்பங்கள்

கடையில் பத்துப் பெயர் கேட்டாலும் குடும்பம் இரண்டுதான்: லினக்ஸ், பி.எஸ்.டி.

லினக்ஸ் பக்கம் வடிகட்டும் பகுதிக்கு நெட்ஃபில்டர் என்று பெயர். 2001 ஜனவரியில் வந்த 2.4 கெர்னலில் அது சேர்ந்தது. அதற்குக் கட்டளை எழுத ஐபிடேபிள்ஸ் இருந்தது. 2014-இல் என்எஃப்டேபிள்ஸ் வந்து மெல்ல மெல்ல அந்த இடத்தைப் பிடித்தது. இந்தக் குடும்பத்தில் வீட்டுக்கு ஏற்றது ஓப்பன்டபிள்யூஆர்டி. லிங்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பது தெரிந்து, உரிமத்தின்படி அதன் மூலநிரலை வெளியிட வேண்டியதாகி, அதிலிருந்து 2004-இல் வளர்ந்த திட்டம் இது. அதனால்தான் சின்ன ரவுட்டர்களில் இது இவ்வளவு இயல்பாக ஓடுகிறது. ஐபிஃபயரும் லினக்ஸ்தான், கணினி மாதிரிப் பெட்டிகளுக்கானது.

பி.எஸ்.டி. பக்கம் மூத்த கதை ஓப்பன்பிஎஸ்டியுடையது. அது முதலில் வைத்திருந்த வடிகட்டியின் உரிமத்தில் 2001-இல் தகராறு வந்தது. அதை எடுத்துவிட்டார்கள், டேனியல் ஹார்ட்மையர் எழுதிய பிஎஃப் அந்த இடத்துக்கு வந்து, அதே ஆண்டு டிசம்பரில் 3.0 பதிப்போடு வெளியானது. கட்டளைகள் படிக்க அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஃப்ரீபிஎஸ்டியும் அதை எடுத்துக்கொண்டது. இன்னொரு பக்கம், மானுவல் காஸ்பர் என்பவர் 2003-இல் ஃப்ரீபிஎஸ்டி மேல் பிரவுசர் பக்கம் வைத்து மோனோவால் என்ற ஃபயர்வாலைத் தந்தார். அதிலிருந்து 2004-இல் பிஎஃப்சென்ஸ் கிளைத்தது; பிஎஃப்சென்ஸிலிருந்து 2015 ஜனவரியில் ஓப்பிஎன்சென்ஸ் கிளைத்தது. அடுத்த மாதமே மோனோவாலை நிறுத்திய காஸ்பர், தன் பயனாளர்களை ஓப்பிஎன்சென்ஸ் பக்கம் போகச் சொன்னார். ஆக, பிஎஃப்சென்ஸா ஓப்பிஎன்சென்ஸா என்று நடக்கும் சண்டை பங்காளிச் சண்டை. உள்ளே இருப்பது இரண்டிலும் பிஎஃப்தான்.

ஓப்பன்பிஎஸ்டியை உடைக்க முடியாது என்ற பேச்சுக்கு ஓர் அடிப்படை உண்டு. நிறுவியபடியே விட்ட அமைப்பில் நீண்ட காலத்தில் வெளியிலிருந்து நுழையும் ஓட்டை இரண்டுதான் இருந்தது என்று அந்தத் திட்டம் தன் தளத்தின் முகப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. அந்த உழைப்புக்கு நான் மரியாதை வைத்திருக்கிறேன். ஆனால் "நிறுவியபடியே விட்ட அமைப்பு" என்பதைக் கவனியுங்கள். அதில் வெளியே பேசும் சேவைகள் மிகக் குறைவு. அதன்மேல் நீங்கள் சேர்ப்பதற்கும், நீங்கள் எழுதும் கட்டளைக்கும் அந்த வாக்குறுதி பொருந்தாது.

கட்டளை எழுதும் இடத்தில் ஒரு நுணுக்கம் புதியவர்களை வீழ்த்தும். ஓப்பன்பிஎஸ்டியில் பிஎஃப் கட்டளைக் கோப்பை மேலிருந்து கீழே முழுக்கப் படித்துவிட்டு, கடைசியாகப் பொருந்திய வரியைத்தான் எடுத்துக்கொள்ளும். குவிக் என்ற சொல் இருந்தால் மட்டும் அந்த இடத்திலேயே நிற்கும். அதனால் முதல் வரியாக "பிளாக்" என்று எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, கீழே ஒவ்வொன்றாகத் திறப்பார்கள். லினக்ஸ் ஐபிடேபிள்ஸில் முதலில் பொருந்தி விடு அல்லது தடு என்று சொல்லும் வரியே தீர்ப்பு. பிஎஃப்சென்ஸ், ஓப்பிஎன்சென்ஸ் பக்கங்களிலும் வழக்கமாக முதல் வரிதான் வெல்லும். ஓர் ஓ.எஸ்.ஸுக்கு எழுதிய கட்டளை வரிசையை இன்னொன்றில் அப்படியே போட்டால், அடைத்ததாக நினைத்தது திறந்திருக்கும்.

தேர்வைத் தீர்மானிப்பது இவைதான்

முதலில் அப்டேட். ஓப்பன்பிஎஸ்டி ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு விடும். கடைசி இரண்டு பதிப்புகளுக்கு மட்டுமே பழுது பார்க்கும். அதாவது வருடத்துக்கு ஒரு தடவையாவது நீங்கள் புதிய பதிப்புக்கு மேலேற வேண்டும். 2019-இல் வந்த சிஸ்அப்கிரேடு கருவியால் அது ஒரு கட்டளையில் முடிகிற வேலையாகிவிட்டது. ஆனால் அந்தக் கட்டளையைக் கறுப்புத் திரையில் தட்டச்ச ஆள் வேண்டும். ஓப்பிஎன்சென்ஸ் ஜனவரியிலும் ஜூலையிலும் பெரிய பதிப்பு விடும், இடையில் சின்ன அப்டேட்கள் அடிக்கடி வரும், எல்லாம் பிரவுசரில் சொடுக்கி முடிக்கலாம். பிஎஃப்சென்ஸின் இலவசப் பதிப்பில் பெரிய வெளியீடுகளின் இடைவெளி சீராக இருப்பதில்லை. ஓப்பன்டபிள்யூஆர்டியில் பெட்டியின் மென்பொருளை முழுதாக மாற்றி எழுதுவதுதான் மேலேறுவது. செட்டிங்குகள் தங்கும், ஆனால் நீங்கள் தனியாகச் சேர்த்த மென்பொருள்களைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது கரண்ட். கோடை இடிமழையில் ஒரு மாலைக்குள் கரண்ட் எத்தனை தடவை போய் வரும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் வட்டில் கோப்புகள் பாதியில் நிற்கும். ஓப்பன்பிஎஸ்டி மறுபடி எழும்போது வட்டைச் சரிபார்க்கும். சில சமயம் தானாகச் சரிசெய்ய முடியாமல், ஆள் வந்து திரையில் பதில் சொல்லட்டும் என்று நின்றுவிடும். பூட்டிய வீட்டில் யார் வந்து பதில் சொல்வது? ஓப்பிஎன்சென்ஸையும் பிஎஃப்சென்ஸையும் நிறுவும்போது இசட்.எஃப்.எஸ். என்ற கோப்பு முறையைத் தேர்ந்தெடுக்கலாம். பழைய நிலையை அழிக்காமல் புதியதை வேறிடத்தில் எழுதுவதால் திடீர் மின்வெட்டை அது நன்றாகத் தாங்கும். ஓப்பன்டபிள்யூஆர்டி பெரும்பாலான ரவுட்டர்களில் மூல அமைப்பைப் படிக்க மட்டுமே முடிகிற பகுதியில் வைத்திருக்கும். கெடுவதற்கு அங்கே அதிகம் இல்லை. எதுவானாலும் பெட்டிக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஒரு சின்ன யூ.பி.எஸ். வாங்கிவிடுங்கள்.

வைஃபை. பழைய வீடுகளின் செங்கல் சுண்ணாம்புச் சுவர் தடிமனானது. முகப்பில் உள்ள வைஃபை வளவைத் தாண்டுமுன் செத்துவிடும். எனவே எப்படியும் ஒவ்வொரு கட்டுக்கும் கேபிள் இழுத்து, தனித்தனி வைஃபை பெட்டி வைக்க வேண்டும். பி.எஸ்.டி. குடும்பம் வைஃபை பரப்புவதில் பலவீனம். ஆனால் இப்படிப் பிரித்து வைக்கும் வீட்டில் அது ஒரு குறையே இல்லை. ஒரே பெட்டி ஃபயர்வாலாகவும் வைஃபையாகவும் இருக்க வேண்டிய சின்ன வீடு அல்லது அடுக்ககம் என்றால் ஓப்பன்டபிள்யூஆர்டிதான்.

அப்புறம் வன்பொருளும் ஈ.பி. பில்லும். மூலையில் கிடக்கும் பழைய கணினியை ஃபயர்வாலாக்கலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். 60 வாட் இழுக்கும் கணினி இரவும் பகலும் ஓடினால் 60 நாளில் 86 யூனிட் ஆகும். இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் கணிசமான பகுதி அதற்கே போய்விடும். 10 வாட் பெட்டி என்றால் 14 யூனிட். பி.எஸ்.டி. வைக்கப் போகிறீர்கள் என்றால் நெட்வொர்க் சிப் இன்டெல்லா என்று கேட்டு வாங்குங்கள். ரியல்டெக் சிப்களோடு ஃப்ரீபிஎஸ்டிக்கு நெடுநாளாகச் சரிவரவில்லை. ஓப்பன்டபிள்யூஆர்டிக்கு ரவுட்டர் வாங்குவதானால், அந்த மாடலின் எந்த வன்பொருள் பதிப்பு பொருந்தும் என்று திட்டத்தின் பட்டியலில் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒரே மாடல் பெயரில் உள்ளே வேறு சிப் இருப்பது சகஜம்.

யார் வீட்டுக்கு எது

வீட்டில் ஆள் இருக்கிறது, பிரவுசர் பக்கத்தைச் சொடுக்கத் தெரியும், கேமராவைப் பிரிக்க வேண்டும், விபிஎன் வேண்டும் என்றால் நான் ஓப்பிஎன்சென்ஸைச் சொல்வேன். இரண்டு அல்லது நான்கு நெட்வொர்க் துளை உள்ள சின்ன 64 பிட் கணினி, 4 ஜி.பி. நினைவகம், இசட்.எஃப்.எஸ். போதும். பிஎஃப்சென்ஸ் ஏற்கெனவே பழகியவர் அதிலேயே இருக்கட்டும். மாறுவதால் பாதுகாப்பு கூடிவிடாது.

பூட்டிய வீட்டுக்கு ஓப்பன்டபிள்யூஆர்டி ஓடும் ஒரு நல்ல ரவுட்டர், ஒரு யூ.பி.எஸ்., ஒரு வயர்கார்டு. சேர்த்து வைக்கும் பொருள் குறையக் குறைய, கெட்டுப்போவதும் குறையும். மேலேற்றும் வேலையைப் பொங்கலுக்கோ கோவில் படைப்புக்கோ ஊருக்கு வரும்போது வைத்துக்கொள்ளுங்கள். இடையில் அவசர அப்டேட் வந்தால், வீட்டைப் பார்த்துக்கொள்பவரைப் பெட்டி பக்கத்தில் நிற்கச் சொல்லி, ஃபோனில் பேசிக்கொண்டே செய்யுங்கள்.

ஓப்பன்பிஎஸ்டியை நான் தயங்காமல் ஒருவருக்குச் சொல்வேன்: கற்க ஆசைப்படுபவருக்கு. வீட்டில் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளை இருந்தால், பிஎஃப் கோப்பு ஒன்றைத் தன் கையால் எழுதிப் பார்ப்பதுபோல் நெட்வொர்க்கைக் கற்றுத் தருவது வேறில்லை. அதன் கூடவே வரும் விளக்கப் பக்கங்கள் அவ்வளவு நேர்த்தியானவை. ஆனால் அந்தப் பிள்ளை வேலைக்கு வெளியூர் போன பிறகும் அந்தப் பெட்டி வீட்டில் ஓடும். அப்போது அதைத் தொடத் தெரிந்தவர் யார் என்று இப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாட்டும் அன்று

நெட் கொடுப்பவரிடம் அவருடைய பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள். அது வெறும் ஃபைபர் மாற்றியாக மட்டும் நின்று, கதவிலக்கம் உங்கள் பெட்டிக்கு நேரே வரும். அப்போது பல இணைப்புகளில் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் உங்கள் பெட்டியில் போட வேண்டியிருக்கும், முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாற்ற மாட்டோம் என்றால் அவர் பெட்டிக்குப் பின்னால் உங்களுடையதை வைக்கலாம்; இரண்டு நாட் வந்தாலும் அன்றாட வேலை ஓடும்.

பாஸ்வேர்டை மாற்றுங்கள். நிர்வாகப் பக்கம் வெளியிலிருந்து திறக்கவில்லை என்று ஃபோனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் உங்கள் வெளி முகவரியைத் தட்டிப் பாருங்கள், ஐ.பி.வி.6 முகவரியையும் தனியே தட்டிப் பாருங்கள். யூ.பி.என்.பி. என்ற வசதி உள்ளே இருக்கும் கருவிகள் கேட்டவுடன் போர்ட்டைத் திறந்துவிடும். அதை அணைத்து வையுங்கள். எல்லாம் சரியாக ஓடுகிறது என்றானதும் செட்டிங் கோப்பைச் சேமித்து ஒரு பென் டிரைவில் போட்டு, அதோடு பயனர் பெயர், பாஸ்வேர்டு, எந்தத் துளையில் எந்தக் கேபிள் என்பதை ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு பூட்டி வையுங்கள். பெட்டி எரிந்துபோனால் புதுப் பெட்டியில் அந்தக் கோப்பை ஏற்றி அரை மணி நேரத்தில் மீண்டுவிடலாம். அடுத்த அப்டேட் எப்போது என்று ஃபோன் நாட்காட்டியில் இரண்டு பேர் பெயருக்குக் குறித்துவிட்டால் மாட்டும் வேலை முடிந்தது.